பூனைக்குக் கதவை அடைத்தால் மட்டும் போதுமா?

சென்னை, கோவை போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று பூனை வளர்ப்பவர்கள் பலர். நாய்த்தீனி விற்றுவந்த கடைகளில் பூனைக்கென்று தனி அலமாரி வந்துவிட்டது. அந்த வீடுகளிலெல்லாம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. வாசல் கதவருகே உட்கார்ந்து கத்துகிறது, ஜன்னலைப் பிறாண்டுகிறது, தண்ணீர் கேன் போடுபவர் வந்து கதவைத் திறந்தால் காலுக்கிடையில் புகுந்து ஓடப் பார்க்கிறது. வெளியே விடலாமா, கூடாதா? அக்கம்பக்கத்தில் கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். ‘வாயில்லா ஜீவன், அடைத்து வைப்பது பாவம், விட்டுவிடுங்கள்’ என்பது ஒன்று. ‘நாலு நாள் கத்தும், பிறகு தானே அடங்கிவிடும்’ என்பது மற்றொன்று. இரண்டுமே பூனைக்கு நல்லது செய்யாது. நம் நகரங்களில் பூனையை வெளியே விடாமல் வளர்ப்பதே சரி என்று உறுதியாக நினைக்கிறேன். ஆனால், வெளியே அதற்குத் தானாகக் கிடைத்துவந்த அத்தனையையும் கதவை அடைத்த நிமிடத்திலிருந்து வீட்டுக்குள்ளேயே கொடுக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. அந்தப் பொறுப்பை ஏற்காதவர் வீட்டில் பூனை கத்தினால், அந்தக் கத்தலில் நியாயம் இருக்கிறது.

முதலில் கதவை ஏன் அடைக்க வேண்டும் என்று பார்ப்போம். 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தெருநாய்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். கூட்டமாகத் துரத்தும் நாய்களிடமிருந்து, மரமோ மதிலோ பக்கத்தில் இல்லாத பூனை தப்புவது அரிது. நடைபாதையே இல்லாத தெருவில் இரவெல்லாம் வாகனம் ஓடுகிறது. பூனைக்குப் பூனை தொற்றும் பான்லூகோபீனியா, தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடக்கூடியது. உலகில் ரேபிஸால் நேரும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெறிநாய் கடித்த பூனை அந்த நோயை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். வெளியே போகும் பூனை ஐந்து வயதைத் தாண்டாது, வீட்டுப் பூனை பதினைந்து வயது வாழும் என்றொரு கணக்கும் பரவலாகச் சொல்லப்படுகிறது. தெருப் பூனையையும் வளர்ப்புப் பூனையையும் ஒன்றாகக் கலந்து போட்ட கணக்கு அது. அதை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. வளர்ப்புப் பூனைகளில் பெரும்பாலானவை வெளியே போய்வரும் இங்கிலாந்தில், கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு, பூனைகளின் இடைநிலை ஆயுட்காலம் 14 ஆண்டுகள் என்றது. அதே ஆய்வில் இறப்புக்கான காரணங்களில் முதலிடத்தில் இருந்தவை விபத்துக் காயங்கள். ஐந்து வயதை எட்டாமல் இறந்தவற்றில் ஏறத்தாழப் பாதி அப்படிப் போனவை. ஒழுங்கான சாலையும் தெருநாயே இல்லாத ஊர்களும் உள்ள நாட்டின் நிலை இது என்றால், நம் தெருவின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அடுக்குமாடியில் தெருவுக்கு இணையான ஆபத்து பால்கனி. பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. நியூயார்க்கில் உயரத்திலிருந்து விழுந்து ஒரே மருத்துவமனைக்கு ஐந்து மாதங்களில் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-இல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன. இந்த எண்ணைத்தான் பலரும் நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பிழைத்தவற்றிலும் தாடை உடைந்தவையும் நுரையீரலில் அடிபட்டவையும் ஏராளம். ஆகவே பால்கனிக்கு வலை அடிக்காமல் பூனை வளர்ப்பதைப் பற்றிப் பேசவே கூடாது. நம் ஊரில் புறாவுக்காக அடிக்கும் நைலான் வலை பூனைக்குப் போதாது. மூலையைக் கடித்தே பிய்த்துவிடும். எஃகுக் கம்பி வலையோ, விளிம்பெல்லாம் இறுக்கிப் பிணைத்த தடித்த வலையோ வேண்டும். நம் ஜன்னல்களின் செங்குத்துக் கம்பிகளுக்கு இடையே குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். கொசுவலையை நகத்தாலேயே கிழித்துவிடும்.

பூனைக்கு வரும் ஆபத்து ஒரு பக்கம். பூனையால் மற்ற உயிர்களுக்கு வரும் ஆபத்து இன்னொரு பக்கம். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகள் வரை கொல்கின்றன என்று 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் வயிறு நிறைந்த வீட்டுப் பூனையும் வேட்டையாடும். பசி வேறு, வேட்டை வேறு. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகள் அனைத்தையும் உரிமையாளர் தம் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஜெர்மனியின் வால்டோர்ஃப் நகரில், அழிவின் விளிம்பில் இருந்த கொண்டை வானம்பாடியைக் காக்க, அதே ஆண்டு குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பூனைகளுக்கு வெளியே வரத் தடை போட்டார்கள். அடுக்குமாடி வளாகத்தின் நாலு மரங்களை நம்பி வாழும் தையல்சிட்டும் தேன்சிட்டும் அணிலும் ஓணானும் நம் பூனையின் பொழுதுபோக்குக்கு இரையாக வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ‘சரி, அடைத்துவிட்டோம், முடிந்தது’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. வெறுமனே அடைத்து வைத்த பூனைக்கு நோய் வரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவ அறிஞர், பூனைகளின் சிறுநீர்ப்பை அழற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கிருமி எதுவும் இல்லாமலே சிறுநீர் கழிக்க முடியாமல் தவிக்கும், சிறுநீரில் ரத்தம் வரும் பூனைகள் அவை. வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த அப்படிப்பட்ட 46 பூனைகளின் சூழலை மாற்றச் சொன்னார்கள்: ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், விளையாட்டு, சுத்தமான மணல் தட்டு, மற்றப் பூனைகளோடு உரசல் குறைப்பு. 2006-இல் வெளியான முடிவுகளின்படி சிறுநீர்த் தொல்லை கணிசமாகக் குறைந்தது. பயமும் பதற்றமும்கூடக் குறைந்தன. அதே குழுவின் 2011 ஆய்வில், சாப்பாட்டு நேரம் மாறியது, பராமரிக்கும் ஆள் மாறியது போன்ற காரணங்களுக்கே நல்ல ஆரோக்கியமான பூனைகளும் வாந்தியெடுத்தன, சாப்பிட மறுத்தன, தட்டுக்கு வெளியே அசுத்தம் செய்தன. நாம் ‘சேட்டை’ என்றும் ‘பழிவாங்குகிறது’ என்றும் திட்டும் பல செயல்கள் உண்மையில் நோய்க்குறிகள். அசையாமல் தின்று தின்று பருத்துச் சர்க்கரை நோய்க்கு ஆளாகும் பூனைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அடைத்த கதவு பூனையைத் தெருவிலிருந்து காப்பாற்றும், சலிப்பிலிருந்து காப்பாற்றாது.

அப்படியானால் கதவருகே உட்கார்ந்திருக்கும் பூனைக்கு என்னதான் வேண்டும்? பரந்த உலகம் வேண்டும் என்று நாம் நம் மனதை வைத்து எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்ளிட்ட ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் கருவி கட்டி ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுதந்திரமாகத் திரியும் அந்தப் பூனைகள் உலாவிய பரப்பு சராசரியாக 3.6 ஹெக்டேர், ஏறக்குறைய ஒன்பது ஏக்கர். ஒரு சதுர கிலோமீட்டரைத் தாண்டியவை மூன்றே மூன்று. ஊர் சுற்றும் ஆசை பூனைக்கு இல்லை. தெரிந்த ஒரு சிறு எல்லை, அதில் தினமும் ஒரு சுற்று, மோந்து பார்க்க நேற்றைக்கு இல்லாத வாசனை, பதுங்கிப் பாய ஓர் இரை, எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்க ஓர் இடம். ஒன்பது ஏக்கரை இரண்டு படுக்கையறை வீட்டுக்குள் கொண்டுவர முடியாதுதான். ஆனால் அந்த ஒன்பது ஏக்கரில் பூனை செய்யும் வேலைகளைக் கொண்டுவர முடியும். அமெரிக்க, சர்வதேசப் பூனை மருத்துவ அமைப்புகள் 2013-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் பூனையின் தேவைகளை இந்த அடிப்படையில்தான் வகுக்கிறது: பத்திரமான ஒதுங்கிடம், தனித்தனியே வைத்த உணவும் நீரும் மணல் தட்டும், வேட்டைக்கு ஈடான விளையாட்டு, மாறாத அன்பான பழக்கம், அதன் மோப்ப உலகத்துக்கு மரியாதை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று: கருத்தடை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பூனை இரவெல்லாம் கதவருகே அலறுகிறது என்றால், பெரும்பாலும் அது இணை தேடுகிறது. பகல் நீளமாக இருக்கும் காலத்தில்தான் பெண் பூனைக்குப் பருவம் வரும். நம் வெப்பமண்டலத்தில் பகல் பொழுது எந்த மாதத்திலும் அதிகம் குறுகுவதில்லை என்பதால் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் வரும். ஆண் பூனைகளுக்குக் கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவதும் சண்டையும் சிறுநீர் பீய்ச்சுவதும் பத்தில் எட்டு ஒன்பது பூனைகளிடம் குறைகின்றன என்பது 1973 முதலே தெரிந்த செய்தி. ‘ஒரு முறையாவது குட்டி போடட்டும், பிறகு பார்க்கலாம்’ என்பது நம் வீடுகளில் இரக்கத்தோடு சொல்லப்படும் பேச்சு. அந்த ஒரு ஈற்றின் நாலைந்து குட்டிகளுக்கு வீடு கிடைக்காமல் அவை தெருவுக்குப் போகின்றன. கருத்தடை செய்யாத பூனையை அடைத்து வைப்பதுதான் உண்மையான வதை. பசியை எழுப்பிவிட்டுச் சோற்றை மறைப்பதைப் போன்றது அது.

அடுத்தது வேட்டை. பூனையின் உடம்பே பதுங்கவும் பாயவும் அமைந்த உடம்பு. எலியின் மீயொலிக் கீச்சைக் கேட்கும் காதும், அரையிருட்டில் தெளிவாகப் பார்க்கும் கண்ணும் அதற்கு இருக்கின்றன. அதிகாலையிலும் அந்தியிலும் அதன் ரத்தம் சூடேறுகிறது; கதவருகே கத்தல் அந்த வேளைகளில் அதிகமாவதற்குக் காரணம் இதுதான். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 219 வீடுகளில் வெளியே போய்வரும் 355 பூனைகளைக் கவனித்து 2021-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் வீட்டார் விளையாட்டுக் காட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை கால் பங்கு குறைந்தது. இறைச்சிப் புரதம் மிகுந்த, தானியம் கலக்காத உணவு கொடுத்தபோது 36 சதவீதம் குறைந்தது. கழுத்து மணியால் பயன் தெரியவில்லை. வெளியே போகும் வசதியுள்ள பூனையின் வேட்டை ஆசையையே பத்து நிமிட விளையாட்டு கால் பங்கு தணிக்கிறது என்பது, கதவை அடைத்தவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நம்பிக்கைச் செய்தி என்று எனக்குப் படுகிறது. இந்த ஆய்வைப் பூனை வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆனால் விளையாட்டு என்றால் ஒரு பந்தை உருட்டிவிட்டு அலைபேசியைப் பார்ப்பது அல்ல. அசையாத பந்து பூனைக்குச் செத்த இரை. ஒரு குச்சி நுனியில் நூலைக் கட்டி, நூல் முனையில் காகிதச் சுருளோ துணித் துண்டோ கட்டினால் போதும். அதை எலி ஓடுவதுபோல் சுவரோரமாக இழுக்க வேண்டும், சோபாவுக்குப் பின்னால் மறைய வேண்டும், நிற்க வேண்டும், மீண்டும் லேசாக நடுங்க வேண்டும். பூனை பின்புறத்தை அசைத்துப் பதுங்கும் அந்தக் காத்திருப்பு, பாய்ச்சலைவிட அதற்கு முக்கியம். கடைசியில் பிடிக்க விட வேண்டும். லேசர் விளக்கு ஒளியைத் துரத்தவிடுகிறார்கள் பலர்; கையில் எதுவும் சிக்காத வேட்டை பூனையைப் பதற்றப்படுத்துமே தவிரத் திருப்திப்படுத்தாது. விளையாட்டு முடிந்ததும் சாப்பாடு வைத்தால், வேட்டையாடு, தின், நக்கிச் சுத்தம் செய், தூங்கு என்ற அதன் இயல்பான வரிசை முழுமையாகிறது. இரவு வீட்டார் படுக்கப் போகும் முன் இப்படிச் செய்தால் அதிகாலை நாலு மணிக் கத்தல் பல வீடுகளில் குறையும். விளையாடிய நூலை மட்டும் மறக்காமல் எடுத்து உள்ளே வையுங்கள். விழுங்கிய நூலும் ரப்பர் பேண்டும் குடலைச் சுருட்டி அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

உணவைப் பற்றி நம் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாலும் தயிர்ச் சோறும் பூனையின் உணவு என்று தலைமுறைகளாக நம்புகிறோம். வெளியே போய்வந்த பூனை தயிர்ச் சோற்றைத் தின்றுவிட்டு மீதியை எலியிலும் பல்லியிலும் வெட்டுக்கிளியிலும் ஈடுகட்டிக்கொண்டது. அடைத்த பூனைக்கு அந்த வழி இல்லை. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும். இதயம் வீங்கித் தளரும் என்பது 1987-இல் நிறுவப்பட்டது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. சைவ வீட்டார் தம் சமையலறையில் மீன் சமைக்கத் தேவையில்லை, ஆனால் பூனைக்கான முழுமையான தீனியையாவது வாங்க வேண்டும். இரண்டும் முடியாது என்றால் வேறு செல்லப் பிராணியைத் தேர்ந்தெடுக்கலாம். காட்டில் பூனை நாளெல்லாம் சின்னச் சின்னதாகப் பலமுறை தின்பது. நாமும் ஒரே தட்டில் குவிக்காமல் நாலைந்தாகப் பிரித்து, சில கவளங்களை அலமாரி மேலும் அட்டைப்பெட்டிக்குள்ளும் ஒளித்து வைத்தால், தேடும் வேலையும் கிடைத்துவிடும்.

உயரத்துக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே வழி இருக்கிறது. பழைய பித்தளைப் பாத்திரமும் கொலுப் படியும் ஏற்றி வைக்கும் பரண் பூனைக்கு அருமையான இடம். அதில் ஒரு முழ அகலம் காலி செய்து, பீரோ மேலிருந்து தாவ ஒரு பலகையை இடையில் அடித்துவிட்டால், தரைப்பரப்பு கூடாமலேயே பூனையின் வீடு இரண்டு மாடி ஆகிறது. விருந்தாளி வந்தால், அழைப்பு மணி அடித்தால், தீபாவளிக்கு வெடி வெடித்தால் ஓடி ஒளியவும் அதுவே இடம். வலை அடித்த பால்கனியில் ஒரு முக்காலியைப் போட்டால் காகமும் அணிலும் குப்பை வண்டியும் நாளெல்லாம் அதற்கு வேடிக்கை. ஒரு தொட்டியில் அருகம்புல்லோ கோதுமைப் புல்லோ வளர்த்துவிடுங்கள், கடிக்கும். ஆனால் மணி பிளாண்டும் அரளியும் நம் மாநில மலரான செங்காந்தளும் பூனைக்கு நஞ்சு. லில்லி பூக்களின் மகரந்தமே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

மோப்பம்தான் நாம் அடியோடு மறக்கும் விஷயம். பூனை கன்னத்தைக் கதவு நிலையில் தேய்ப்பதும் சோபாவைப் பிறாண்டுவதும் ‘இது என் இடம்’ என்று எழுதி வைப்பது. நாம் தினமும் பினாயில் போட்டுத் துடைத்து அதை அழிக்கிறோம். அழிப்பதோடு போகவில்லை: பீனால் வகை வேதிப்பொருள்களை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. பினாயில் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு அது மெல்லக் கொல்லும் விஷம். அதே காரணத்தால்தான் ஒரு பாராசிட்டமால் மாத்திரையும் பூனையைக் கொல்லும். வெறும் தண்ணீரோ, மணமில்லாத சோப்புக் கரைசலோ போட்டுத் துடையுங்கள். பிறாண்ட ஒரு கட்டையில் சணல் கயிற்றை இறுகச் சுற்றிக் கொடுங்கள். பூனை உடம்பை முழுதாக நீட்டும் அளவு உயரமும், ஆடாத அடித்தளமும் அதற்கு வேண்டும். நம் ஊர்க் குப்பைமேனியின் வேரை முகர்ந்தால் பூனைகள் மயங்கிப் புரளும்; வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கும் கேட்னிப்புக்கு ஈடானது இங்கே வேலியோரம் முளைத்துக் கிடக்கிறது. தின்னக் கொடுக்காமல், துணியில் முடிந்து முகர மட்டும் கொடுக்கலாம். வெளியிலிருந்து காய்ந்த இலை, மரப்பட்டை, காலி அட்டைப்பெட்டி என்று ஏதாவது ஒன்றை வாரம் ஒருமுறை கொண்டுவந்தாலே அதன் எல்லைக்குள் புதுச் செய்தி வந்ததாகும்.

‘எங்கள் பாட்டி வீட்டுப் பூனை வந்தது, போனது, இந்தப் பாடெல்லாம் எதற்கு?’ என்பது முதல் எதிர்வாதம். அந்த வீட்டில் முற்றம் இருந்தது, கொல்லை இருந்தது, வைக்கோற்போர் இருந்தது, நெல் மூட்டையைத் தேடி எலி வந்தது. பூனைக்கு அங்கே வேலை இருந்தது. எட்வர்ட் லோ என்ற அமெரிக்கர் 1947-இல் களிமண் துகளைப் பூனைக் கழிவுக்கான மணலாக விற்கத் தொடங்கிய பிறகுதான், முழுக்க முழுக்க வீட்டுக்குள்ளேயே பூனை வளர்ப்பது உலகில் பரவலாயிற்று. மனிதனோடு பூனை வாழத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள். சைப்ரஸ் தீவில் மனிதனருகே புதைத்த 9,500 ஆண்டுப் பழமையான பூனை எலும்புக்கூட்டை 2004-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த நீண்ட உறவில் அடைத்த கதவுக்கு வயது எண்பதுகூட இல்லை. ஆகவே பூனைக்கு இது இயல்பல்ல என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. இயல்பல்ல என்பதால்தான் இவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது. பாட்டி வீட்டுப் பூனைகளில் எத்தனை திரும்பி வராமல் போயின என்று அன்று யாரும் எண்ணவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

‘பிரிட்டனில் பூனை நேசர்களே வெளியே விடுகிறார்களே’ என்பது இரண்டாவது. அங்கே தோட்டம் சூழ்ந்த வீடுகள் அதிகம், ரேபிஸ் இல்லை, தெருவில் நாய்க்கூட்டம் இல்லை, இங்கிலாந்தில் 2024 ஜூன் முதல் எல்லா வளர்ப்புப் பூனைக்கும் மைக்ரோசிப் கட்டாயம். அந்த முடிவு அந்த ஊருக்குப் பொருந்தலாம். தாம்பரத்துக்கோ காந்திபுரத்துக்கோ பொருந்தாது. மூன்றாவது, நேரம், பணம். மேலே சொன்னவற்றில் பெருஞ்செலவு வலையும் கருத்தடையும்தான்; இரண்டும் ஒருமுறைச் செலவு. காலை பத்து நிமிடம், இரவு பத்து நிமிடம் ஒதுக்க முடியாத வீட்டில் பூனைக்கு இடமில்லை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தோள்பட்டை வார் போட்டு மாடிக்கோ வளாகத்துக்கோ கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, பழக்கினால் போகலாம் என்பேன், ஆனால் குறிப்பிட்ட நேரத்தில், நாமாகக் கூட்டிப் போக வேண்டும். கத்தியதற்காகக் கதவைத் திறக்கக் கூடாது. பத்து முறை மறுத்துப் பதினோராவது முறை மனம் இளகித் திறந்தால், பதினோரு முறை கத்த வேண்டும் என்பதைத்தான் பூனை கற்றுக்கொள்கிறது. எப்போதாவது கிடைக்கும் பலன்தான் எந்தப் பழக்கத்தையும் கெட்டிப்படுத்தும். கத்தும்போது திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம்; கத்தும் நேரத்துக்குக் கால் மணி முன்பே விளையாட்டை ஆரம்பித்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். மனிதரைக் கண்டால் ஒதுங்கும், பல ஆண்டு தெருவிலேயே வளர்ந்த பூனையை இரக்கத்தால் பிடித்து வந்து அடைக்காதீர்கள். பிறந்து இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதக் கை படாத பூனைக்கு வீடு என்பது ஓயாத பயம். கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட்டு அதன் இடத்திலேயே விடுவதுதான் அதற்குச் செய்யும் நன்மை. ஆனால் வீட்டில் வளர்ந்த பூனையை, கத்தல் தாங்கவில்லை என்று சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவருவது முற்றிலும் வேறு. பசியாலோ தாகத்தாலோ வருந்தும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கான அபராதம் பத்து ரூபாயில் தொடங்கி ஐம்பது ரூபாயில் நின்றுவிடுவதால், அந்தக் குற்றத்துக்கு யாரும் அஞ்சுவதில்லை; அந்தத் தொகையை உயர்த்த நாடாளுமன்றம் இனியும் தாமதிக்கக் கூடாது. பூனை வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது: பால்கனிக்கு வலை அடித்து, பரணில் இடம் ஒதுக்கி, கருத்தடைக்கு மருத்துவரிடம் பேசி வைத்துவிட்டு, அதன் பிறகு குட்டியை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.